கிளிக்கு ஈறு இல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் மகள் எஸ்தர் வழக்கம்போல ஓர் அச்செழுத்தை உதட்டில் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிளியின் அருகே கொண்டுபோனாள். கிளி அதை அலகால் வாங்கி, மேசைமேல் நடந்து வந்து, என் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள் காட்டும் வேடிக்கை அது.

அன்றும் கிளி எழுத்தை வாங்கியது. இரண்டு அடி நடந்தது. பிறகு யாரோ தள்ளியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையை மேசையில் ஊன்றி நின்றது. எழுத்து கீழே விழுந்து உருண்டது.

"துரை காலையிலேயே கள்ளுக்கடைப் பக்கம் போயிட்டு வந்துட்டாரு போல," என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் நோயாளியாக ஒரு பறவையோ ஒரு பிள்ளையோ இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. பாளையங்கோட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் எழுத்துக் கோத்தவன். அந்தக் கிளியை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என் மகளை எங்கே தூக்கிக்கொண்டு போயிருப்பேன் என்பதை இன்றுவரை நான் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

துரை என்பது கிளியின் பெயர். பாபநாசத்து மலையடிவாரத்தில் இருக்கும் என் மனைவியின் உறவினர் கொண்டுவந்து கொடுத்தது. தோளில் சிவப்புத் தீற்று உள்ள பெரிய சாதி. வந்த முதல் வாரமே வீட்டில் எல்லோரையும் அதட்டியதால் எஸ்தர் அந்தப் பெயரை வைத்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை.

அச்சுக்கூடத்தில் தேய்ந்துபோன எழுத்துகளை உருக்குவதற்காக ஒரு பெட்டியில் போட்டுவைப்போம். எஸ்தர் படிக்கத் தொடங்கியபோது மேஸ்திரியிடம் கேட்டு அதிலிருந்து இரண்டு கை எழுத்துகளையும், வரிகளுக்கு நடுவே இடைவெளிக்காகச் செருகும் மெல்லிய ஈயத் தகடுகள் கொஞ்சத்தையும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். மற்றப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்தார்கள். என் மகள் ஈயத்தில் படித்தாள். அச்செழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி இருக்கும். அதை அப்படியே வாசிக்க ஐந்து வயதில் பழகிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுத்தை உதட்டில் பிடிப்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கோத்த பக்கத்தில் பிழை திருத்தும்போது ஒரு கையில் தவறான எழுத்தைக் கிளப்பும் ஊசி இருக்கும். மறு கை வரி கலையாமல் பிடித்திருக்கும். வைக்கவேண்டிய எழுத்தைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அந்த மூன்றாவது கை உதடுதான். மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவரும்போது எஸ்தர் எதிரே நின்று அதைப் பார்த்திருக்கிறாள்.

கிளிக்கு எழுத்தைவிடத் தகடுதான் பிடிக்கும். மென்மையானது, அலகால் கடித்துச் சுருட்டிச் சுருட்டி விளையாடும். புதிய மன்னருக்கு முடிசூட்டியதற்காகப் பள்ளிகளில் மிட்டாய் கொடுத்த வருஷம் அது. அச்சுக்கூடத்தில் வேலை குவிந்திருந்தது. கிளிக்கு விளையாட்டுச் சாமான் வேண்டும் என்று எஸ்தர் கேட்டபோதெல்லாம் சட்டைப்பையில் நாலு தகடு போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் துரை கூண்டுக் கம்பிலிருந்து விழுந்தது. எச்சம் அரைத்த தழைபோல் பச்சையாகவும் தண்ணீராகவும் இருந்தது. அதற்கு மறுநாள், தொண்டைப்பை (பறவை தின்றது வயிற்றுக்கு இறங்கும்முன் தங்கும் பை) காலையில் தின்ற சோற்றோடு மாலையிலும் புடைத்தபடியே இருந்தது. என் மனைவி ரெபேக்காள் ஐப்பசிக் குளிர் என்றாள். கூண்டுக்குச் சாக்குப் போர்த்தி, ஓமத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கிளி தலையை ஆட்டி அதை அவள் முகத்திலேயே தெளித்தது. அந்த வாரத்தில் அது செய்த கடைசிக் குறும்பு அதுதான்.

எஸ்தர் தட்டைத் தள்ளிவிட்டாள். "அது திங்க மாட்டேங்கு. நான் மட்டும் எப்படிப்பா திங்க?"

அதை நாங்கள் பாசம் என்றே எடுத்துக்கொண்டோம். ஆனால் அதற்கு நாலு மாதம் முன்பிருந்தே அவளுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், முகவெளுப்பு எல்லாம் இருந்தன. பூச்சி என்று சொல்லிச் சனிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய் கொடுத்துவந்தோம். இங்கே அதற்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறேன். அப்போதும் என் மனத்தில் அதற்கு அவ்வளவு இடம்தான் இருந்தது.

புதன்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுக் கூண்டை ஒரு பழைய சேலையால் மூடி, ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த கால்நடை மருத்துவச் சாலைக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வண்டிமாடுகள் நின்றன. ஒரு நொண்டிக் குதிரை நின்றது.

"என்ன வே, கூட்டுக்குள்ள கன்னுக்குட்டியா?" என்றார் ஒரு வண்டிக்காரர்.

சேலை விலகிப் பச்சை இறகு தெரிந்தது. "பச்சைக் கன்னுக்குட்டி, அண்ணாச்சி. கொம்பு முளைக்கட்டும், வண்டியில பூட்டலாம்," என்றார் இன்னொருவர். நான் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

வைத்தியர் கோபாலன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்காது. ஒரு மாட்டின் வாய்க்குள் முழங்கை வரை கைவிட்டிருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து கூண்டின் முன் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேனுங்க," என்றார். "சென்னையில படிச்சப்ப குதிரை, மாடு, ஆடு, நாய் எல்லாம் காட்டினாங்க. ஒரு நாள் யானைகூடக் காட்டினாங்க. கிளி காட்டலை."

"அப்ப பாக்க முடியாதுன்னு சொல்லுதீங்களா, டாக்டர்?"

"அப்படிச் சொல்லலீங்க. ரெண்டு பேருமாச் சேர்ந்து கத்துக்கணும்னு சொல்றேன்."

அவர் கிளியை ஒரு துணிப்பையில் இட்டு மருந்து நிறுக்கும் தராசில் நிறுத்தார். அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டார். கால்களால் தன் விரலைப் பிடிக்கவிட்டுப் பார்த்தார். வலக்கால் பற்றியது, இடக்கால் விரல்கள் சுருண்டே கிடந்தன. பிறகு என்னிடம், கிளியின் உள்ளே போவது எல்லாவற்றையும் வெளியே வருவது எல்லாவற்றையும் நேரம் குறித்து மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கையைச் சூடாக வைத்துக்கொண்டு, அரிசிக் கஞ்சியில் கருப்பட்டி கரைத்து, ஒரு தடித்த இறகின் தண்டு வழியாக அலகின் ஓரத்தில் விட வேண்டும். இவ்வளவுதான் முதல் வைத்தியம்.

எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை. பிழைத் திருத்தத் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன். காலை ஆறேகால், கஞ்சி பத்துச் சொட்டு, விழுங்கியது ஏழு. எட்டுமணி, எச்சம், பச்சை, நீர். ஒன்பதரை, தலைநடுக்கம். ரெபேக்காள் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு மாசம் காய்ச்சல் கெடந்தப்ப ஒரு துண்டுக் காயிதமாவது எழுதினீங்களா?" என்றாள். நான் அடுத்த நாளுக்கான கட்டத்தைப் போட்டேன்.

சனிக்கிழமை வைத்தியர் என் தாள்களை இரண்டு முறை வாசித்தார். கிளியின் எடை இன்னும் குறைந்திருந்தது. பரீட்சைத் தாள்போல நன்றாக இருக்கிறது, ஆனால் விடை இதில் இல்லை என்றார். தொழுவத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துப் பிரயோசனமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன் என்றார்.

வந்தார். ரெபேக்காள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் அதை ஆறவிட்டுவிட்டுக் கூண்டைச் சுற்றி வந்தார். கம்பியைச் சுரண்டி முகர்ந்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் களிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவினார். சுவர்ச் சுண்ணாம்பை உதிர்த்துப் பார்த்தார். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது எஸ்தர், எப்படியாவது துரையைத் தின்னவைக்க வேண்டும் என்று, அது ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாத ஒன்றைக் கொண்டுவந்தாள். ஓர் எழுத்தை உதட்டில் வைத்துக்கொண்டு கூண்டுக்கு முன் குனிந்தாள். அந்தப் பலவீனத்திலும் கிளி கழுத்தை நீட்டியது.

"அது என்னம்மா?" என்றார் வைத்தியர்.

வாயில் எழுத்து இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. எடுத்து, ஈரத்தோடு அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்த தகட்டையும் எடுத்தார். அதன் விளிம்பெல்லாம் அலகுத் தடம். என் திருத்தத் தாளின் ஓரத்தில் தகட்டைத் தேய்த்தார். பென்சிலால் இழுத்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"இதை ஏன் எழுதலீங்க?" என்று கேட்டார்.

"அது தீனி இல்லையே, டாக்டர்," என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் விட்ட எழுத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

அவர் கூண்டின் அடியில் விரித்திருந்த தாளை அப்படியே எடுத்து, எச்சத்தை ஒரு தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மெல்ல மெல்ல அலசினார். தட்டின் அடியில் கடுகளவில் ஐந்தாறு துகள்கள் மினுங்கின. பறவைக்குப் பல் கிடையாது. அரைவைப்பை (விழுங்கிய சிறு கற்களைக் கொண்டு தீனியை அரைக்கும் வயிற்றறை) இருக்கிறது. கல்லுக்குப் பதிலாக ஈயத் துணுக்குகள் அதில் தங்கி, தீனியோடு சேர்ந்து அரைபட்டு, நாள்தோறும் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கின்றன என்று விளக்கினார். சொல்லும்போது அவர் குரலில் கவலையைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. அது எனக்கு அப்போது கோபமூட்டியது. இப்போது இல்லை. அந்த ஆவல் இல்லாதிருந்தால் அவர் அந்தத் தட்டை அலசியிருக்க மாட்டார்.

ரெபேக்காள் நம்பவில்லை. "ஈயச் செம்பிலதானே நாங்க ரசம் வைக்கோம்?"

"அது வெள்ளீயம்ங்க. இது காரீயம். ரெண்டும் வேற வேற." ரயில் பாலத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போட்ட டின்னை நக்கி மூன்று மாடுகள் விழுந்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். அந்தச் சாயமும் காரீயத்தில் செய்வதுதானாம். "மாடா இருந்தா ஈறைப் பார்ப்போம். பல்லுக்கு மேல நீலமா ஒரு கோடு இருக்கும். இருந்தா சந்தேகமே இல்லை. ஆனா கிளிக்கு ஈறு இல்லையே."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க."

ரெபேக்காள் முன்னால் வந்து நின்றாள். "மாட்டுக்குப் பாக்கிற மாதிரி எங்க வீட்டு ஆம்பளைக்கும் பல்லைப் பிடிச்சுப் பாக்கணுமாக்கும்?"

"பிடிக்க மாட்டேனுங்கம்மா. பார்க்கத்தான் போறேன்."

வாசல் வெளிச்சத்தில் போய் நின்று உதட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் சவரக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். ஈறு பல்லைத் தொடும் இடத்தில், மசி தொட்டு மெல்லிய கோலால் இழுத்ததுபோல், நீலமும் கறுப்புமாக ஒரு கோடு. எனக்கு அது தெரியாத கோடு அல்ல. உமிக்கரியால் பல் தேய்க்கிறவன். கரி தங்கியிருக்கிறது என்றே வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். உப்புத்தண்ணீரால் கொப்பளித்துத் துணியால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கோடு அப்படியே இருந்தது.

அடிக்கடி வரும் என் வயிற்றுப் பிடிப்புக்கு அச்சுக்கூடத்தில் வாய்வு என்று பெயர். வலது மணிக்கட்டு சோர்ந்து தொங்குவதற்கு வயசு என்று பெயர். அந்த வாசலில் நின்ற நேரத்தில் இரண்டும் பெயரை இழந்தன. ஆனால் அவற்றை நினைக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை. எஸ்தர் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் பாருங்க," என்றாள். விளையாட்டில் தன் முறை வந்துவிட்டதுபோல்.

அவளுக்குக் கோடு மெல்லியது. கீழ்வரிசையில் நாலு பல்லுக்கு மட்டும். வைத்தியர் அதைக் கண்டதும் அவர் முகத்திலிருந்த ஆவல் அணைந்துபோனதைப் பார்த்தேன்.

வயிற்றுவலி உண்டா என்று கேட்டார். நான் சொல்லும் முன் ரெபேக்காள் சொன்னாள். நாலு மாதமாக என்றாள். சனிக்கிழமை விளக்கெண்ணெயைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நான் மாட்டு வைத்தியன். பிள்ளையைத் தொடக் கூடாதுங்க," என்றார். "கிளியை நான் பார்த்துக்கறேன். நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க." நின்றபடியே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வயதானவர். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தையும் பதவியையும் வாசித்துவிட்டு, "கால்நடை ஆஸ்பத்திரி இப்ப மனுசாளையும் அனுப்ப ஆரம்பிச்சாச்சா?" என்று கம்பவுண்டரைப் பார்த்துச் சொன்னார். பிறகு எஸ்தரின் உதட்டை விரலால் இறக்கினார். அதற்குமேல் பரிகாசம் இல்லை. தன் இரண்டு விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், கண்ணிமையைக் கவிழ்த்துப் பார்த்தார், நடக்கவிட்டார். வயிற்றில் பூச்சி இல்லை, காரீய நஞ்சு (ஈயம் கொஞ்சங் கொஞ்சமாக உடலில் சேர்ந்து உண்டாகும் விஷம்) என்றார்.

எனக்கு அவர் தனியாகச் சொன்னது இது: "பெரியவங்களுக்கு இது வயித்துலயும் கையிலயும் நிக்கும். பிள்ளைகளுக்குத் தலைக்கு ஏறும். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா ஜன்னி (உடல் வெட்டி இழுத்து நினைவு தப்புவது) கண்டிருக்கும். அப்ப எங்கிட்ட வந்து ஒரு பிரயோசனமும் இல்லை."

இதைக் கேட்டபோது நான் சுவரைப் பிடிக்கவில்லை, அழவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன், கோயிலில் நிற்பதுபோல. ஏன் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

வைத்தியம் மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தது. எஸ்தருக்கும் எனக்கும் பேதி உப்பு, பின்னால் ஐயோடைடு உப்பு, நிறையப் பால். பேதி உப்பு குடலில் இருக்கும் ஈயத்தைக் கரையாத பொடியாக்கி வெளியே தள்ளும். கிளிக்கும் அதே பேதி உப்பைத்தான் கோபாலன் கொடுத்தார்: ஒரு கரண்டித் தண்ணீரில் நெல்மணி அளவு. அதோடு ஆற்றிலிருந்து அலசியெடுத்த பருமணல் ஒரு சிட்டிகை, பழைய துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு போக.

அந்த உப்பு கசக்கும். எஸ்தர் முதல் நாள் துப்பிவிட்டாள். பிறகு, துரை குடித்தால் நானும் குடிப்பேன் என்றாள். நான் ஒரு கையில் கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து இறகுத் தண்டால் மருந்தை விடுவேன். அது விழுங்கியதைத் தொண்டையில் பார்த்து உறுதிசெய்துகொண்டு அவள் தன் கிண்ணத்தை எடுப்பாள். கடைசியில் நான். ரெபேக்காள் மூவருக்கும் கருப்பட்டித் துண்டு வைத்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் இருந்த எழுத்துகளையும் தகடுகளையும் அவளே ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு துணியில் கட்டி அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். என் சட்டைப்பைகளைத் தைத்து மூடினாள்.

ஞாயிறு பள்ளியில் எஸ்தர் கிளிக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். உபதேசியார் யோசித்துவிட்டு, எஸ்தருக்காக ஜெபிப்போம், கிளியும் அதே வீட்டில்தானே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் சாத்தான்குளத்துப் பக்கம் வெக்கை (மாடுகளுக்கு வரும் கொள்ளைநோய்) பரவிவிட்டது என்று கோபாலனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது தம் விலாசம் எழுதிய தபால் அட்டைகள் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். தினமும் எழுதினேன். இன்று மூன்று துணுக்குகள். இன்று ஒன்று. இன்று இல்லை. மறுபடி இரண்டு. எச்சத்தை அலசுவது எஸ்தரின் வேலை. கையில் துணி சுற்றிக்கொண்டு, தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, கடுகுபோல் ஒன்று மினுங்கினால் கூப்பிடுவாள். அவரும் எழுதினார், மாட்டுத் தொழுவங்களில் உட்கார்ந்து, பென்சிலால். முதல் அட்டையில் இருந்தது இது: "எஸ்தர் எப்படி? நீங்கள் எப்படி? கிளி எப்படி? இதே வரிசையில் பதில் எழுதவும்."

நான் அந்த வரிசையை ஒருநாளும் மாற்றவில்லை.

அச்சுக்கூடத்துக்குத் திரும்பிப் போனபோது மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் உதட்டில் அப்போதும் ஓர் எழுத்து இருந்தது. எடுத்துவிட்டு, "முப்பது வருசமா வாயில வச்சிருக்கேன் வே. செத்தா போயிட்டேன்?" என்றார். கோப்பவர்கள் சிரித்தார்கள். மாட்டு வைத்தியர் எனக்குப் பல் பிடித்துப் பார்த்த கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. என்னைப் பார்த்து ஒருவர் மாடுபோல் கத்திக் காட்டினார்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாடுபோல் கத்தியவர் வந்து பக்கத்தில் நின்றார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உதட்டைத் தூக்கி, "பைய பாரும்," என்றார். அவருக்குப் பிறகு இன்னொருவர். சாயங்காலம் எல்லோரும் போன பின் மேஸ்திரி. எல்லோருக்கும் அந்தக் கோடு இருந்தது. மேஸ்திரிக்கு அகலமாக இருந்தது. அவர் கண்ணாடியில் நீண்டநேரம் பார்த்துவிட்டு, "உமிக்கரி," என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் எழுத்தை உதட்டில் வைத்ததை நான் பார்க்கவில்லை. கிணற்றடியில் சோப்பும் தேங்காய்நாரும் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார், காரணம் சொல்லவில்லை.

கார்த்திகை முடியும்முன் எஸ்தரின் வயிற்றுவலி நின்றது. தைமாதம் அவள் முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியது. வெயில் காலம் வந்தபோது அந்தக் கோடு முழுதும் மறைந்தது. மறைவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். ஈறுக்கு நாள்காட்டி கிடையாது என்றார். அதனால் நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம். காலையில் ஜெபம் முடிந்ததும் அவளும் நானும் வாசலில் நின்று ஒரே கண்ணாடியில் பார்ப்போம். மற்றவர்கள் பங்குனி, சித்திரை என்று சொன்ன காலத்தை நான் நாலு பல், மூன்று பல், இரண்டு பல் என்றே நினைவில் வைத்திருக்கிறேன்.

என்னுடைய கோடு வெளிறியிருக்கிறது; போகவில்லை. எலும்பில் சேர்ந்த ஈயம் வெளியேற எத்தனையோ வருஷம் ஆகுமாம். இப்போது நான் எழுத்துக் கோப்பதில்லை. திருத்தம் மட்டும் பார்க்கிறேன், காகிதத்தில். உடம்பு என்பது நான் குடியிருக்கும் வீடு என்று நினைத்திருந்தேன். என் தொழிலும் அதில் ஒரு பக்கமாகக் குடியேறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. எஸ்தர் யோசிக்கும்போது பென்சிலை உதட்டில் வைப்பாள். பென்சிலுக்குள் இருப்பது கரிதான், ஈயம் இல்லை என்று கோபாலன் எழுதித் தெரிவித்திருக்கிறார். இருந்தும் நான் எழுந்து போய் அதை எடுத்துவிடுகிறேன். "அப்பா," என்பாள், சலித்துக்கொண்டு.

துரை பிழைத்தது. கடைசித் துணுக்கு மார்கழியில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் வரை தட்டை அலசினோம், ஒன்றும் இல்லை. இரைகிறது, அதட்டுகிறது, கொய்யாப்பழத்தைத் தின்பதைவிட அதிகமாகச் சிந்துகிறது. இடக்கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. கோபாலன் வரும்போதெல்லாம் அதை நிறுத்து, எடையைத் தம் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். உள்ளே இன்னும் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாதுங்க," என்றார். "பார்க்கிறதுக்கு ஈறு இல்லையே. பிடியைப் பாருங்க. பிடிதான் சொல்லும்."

அதனால் பிடியைப் பார்க்கிறோம். காலையில் கண்ணாடி பார்த்து முடிந்ததும் நான் வலக்கையை நீட்டுவேன். துரை கூண்டிலிருந்து ஏறி என் மணிக்கட்டில் நிற்கும். எஸ்தர் எண்ணுவாள். அதன் இடக்கால் வழுக்கினாலோ, என் மணிக்கட்டு தொங்கினாலோ, அதோடு எண்ணிக்கை நின்றுவிடும். முதல் நாள் ஒன்பது வரை வந்தது. யார் முதலில் விட்டது என்பதில் எங்களுக்குள் வழக்கு உண்டு. எஸ்தர் எப்போதும் கிளியின் கட்சி.

இன்று காலை அவள் எண்பத்து நாலு வரை எண்ணினாள். அதற்குள் தெருவில் அவளுடைய தோழிகள் வந்துவிட்டார்கள். "நீங்களே எண்ணிக்கிடுங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசல்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். நான் எண்ணவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.